ஆன்லைன்ல சப்ளிமெண்ட் வாங்குறவங்க வாங்க: நல்ல சரக்கு நியாயமான விலைல எப்படிப் பாத்து எடுக்குறீங்க?

சேலத்து_மாம்பழம்:
வணக்கம் மக்களே. எங்க வீட்டுல மூணு பேருக்கு சப்ளிமெண்ட் தேவைப்படுது. அப்பாவுக்கு சுகர், மெட்ஃபார்மின் ரொம்ப வருஷமா போடுறாரு, இப்ப ரத்தம் டெஸ்ட் பண்ணதுல பி12 கம்மி, வைட்டமின் டியும் கம்மின்னு வந்திருக்கு. அம்மாவுக்கு தைராய்டு மாத்திரை ஓடுது, கூடவே கால்சியம் எடுத்துக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் குடுத்திருக்காங்க. நான் ஜிம் போறேன், எனக்கு வே புரோட்டீனும் (பால்லருந்து எடுக்குற புரோட்டீன் பொடி) மீன் எண்ணெய் மாத்திரையும் வேணும். ஆன்லைன்ல தேடுனா ஒரே டப்பா ஒரு இடத்துல 60% தள்ளுபடி, இன்னொரு இடத்துல ஆயிரம் ரூபா ஜாஸ்தி, ரிவ்யூ பாத்தா பாதிப்பேர் சூப்பர்ங்கறான் பாதிப்பேர் டூப்ளிகேட்ங்கறான். மாசாமாசம் ஆகுற செலவு இது, ஏமாறாம வாங்கணும். எதை வச்சு முடிவு பண்றீங்கன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

இரும்புக்கை_கோவை:
ப்ரோ முதல்ல அந்த தள்ளுபடி சதவீதத்தைப் பாக்குறதையே விட்டுடுங்க. எம்.ஆர்.பி எவ்வளவுன்னு போடுறதே கம்பெனிதான், ஏத்திப் போட்டுட்டு அப்புறம் 60% குறைச்சேன்னு காட்டுறது ரொம்ப சுலபம். நான் போடுறது ஒரே கணக்குதான், ஒரு கிராம் புரோட்டீனுக்கு எத்தன ரூபா ஆகுது.

உதாரணத்துக்கு 1 கிலோ டப்பா 2400 ரூபான்னு வைங்க, ஒரு ஸ்கூப் 33 கிராம், அதுல புரோட்டீன் 24 கிராம். 30 ஸ்கூப் வரும், ஆக மொத்தம் 720 கிராம் புரோட்டீன், கிராமுக்கு 3 ரூபா 33 காசு. பக்கத்துலயே எடை ஏத்துறதுக்கு மாஸ் கெய்னர்னு 1 கிலோ 1500 ரூபாய்க்குக் கிடக்கும், பாத்தா மலிவாத் தெரியும், ஆனா பின்னாடி திருப்பிப் பாத்தா 100 கிராமுக்கு 15 கிராம்தான் புரோட்டீன், மீதியெல்லாம் மால்டோடெக்ஸ்ட்ரின்ங்கிற மாவுச்சத்தும் சர்க்கரையும். அதுல ஒரு கிராம் புரோட்டீன் 10 ரூபா விழுது, மூணு மடங்கு!

அப்புறம் இன்னும் சுத்திகரிச்ச வே, அதாவது ஐசோலேட்னு சொன்னாலே உசத்தின்னு நெனச்சு கூடக் காசு குடுக்காதீங்க. பால் குடிச்சா வயிறு உப்புசம் ஆகுறவங்களுக்கு ஐசோலேட் நல்லது, ஏன்னா அதுல லாக்டோஸ் ரொம்பக் கம்மி. பால் ஒத்துக்குற ஆளுக்கு சாதா கான்சன்ட்ரேட்டே போதும். ஜிம்காரங்க பலத்துக்கு எடுக்குற கிரியேட்டின் வாங்குறதா இருந்தா ஃப்ளேவர் இல்லாத மோனோஹைட்ரேட், ஒரு நாளைக்கு 3லருந்து 5 கிராம், அவ்வளவுதான். ஹெச்.சி.எல் அது இதுன்னு புதுப்பேர் வச்சு விக்குறதுக்கு ரெண்டு மடங்கு விலை, ஆனா மோனோஹைட்ரேட் அளவுக்கு ஆராய்ச்சி நடந்தது வேற எதுலயும் இல்ல.

சோதனைக்குழாய்:
இரும்புக்கை சொன்ன கணக்கு சரிதான், ஆனா அந்தக் கணக்கு லேபிள்ல போட்டிருக்கிற நம்பர் உண்மையா இருந்தாத்தான் வேலை செய்யும். நான் உணவு பரிசோதனை லேப்ல வேலை பாக்குறேன், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன்.

புரோட்டீன் எவ்வளவு இருக்குன்னு லேப்ல நேரடியா எண்ணுறது இல்ல. பொடியில நைட்ரஜன் எவ்வளவு இருக்குன்னு பாத்து அத 6.25ஆல, பால் பொருளா இருந்தா 6.38ஆல பெருக்கிச் சொல்றது. கெல்டால்னு ஒரு பழைய முறை, இன்னைக்கும் அதுதான் ஓடுது. இதுல என்ன ஓட்டைன்னா நைட்ரஜன் வேற எதுலருந்து வந்தாலும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது. கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலத்தைக் கலந்துட்டா நம்பர் ஏறிடும், ஆனா தசைக்குத் தேவையான புரோட்டீன் உள்ள இருக்காது. அமினோ ஸ்பைக்கிங்னு இதத்தான் சொல்றாங்க.

கண்டுபிடிக்க வழி இருக்கு. பொருட்கள் பட்டியல்ல எது அதிகமோ அதத்தான் முதல்ல போடணும், அங்க வே புரோட்டீன் முதல்ல இருக்கணும், கிளைசின் டாரின்னு தனியாப் பேர் வந்தா யோசிங்க. அமினோ அமில அட்டவணை குடுத்திருந்தா லூசின் எவ்வளவுன்னு பாருங்க, நல்ல வேயில 24 கிராம் புரோட்டீனுக்கு சுமார் 2.5 கிராம் லூசின் வரும், ஒன்றரை கிராம்தான் இருக்குன்னா ஏதோ சரியில்ல.

கேரளாவுல கல்லீரல் டாக்டர் சிரியாக் அபி பிலிப்ஸும் அவரோட சேர்ந்தவங்களும் நம்ம நாட்டுல விக்குற 36 புரோட்டீன் பொடிய வாங்கி சோதிச்சு 2024ல ஆய்வுக் கட்டுரையா போட்டாங்க. கிட்டத்தட்ட 70% பொடியில லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு தப்பு. சிலதுல பூஞ்சை நச்சு, பூச்சி மருந்து மிச்சம் எல்லாம் இருந்துச்சு. மூலிகை கலந்த புரோட்டீன் பொடிகள்ல பிரச்சனை இன்னும் அதிகம்.

அதனால பேட்ச் வாரியா லேப் ரிப்போர்ட் போடுற கம்பெனியா தேடுங்க. டப்பாவுல இருக்குற பேட்ச் நம்பரும் ரிப்போர்ட்ல இருக்குற பேட்ச் நம்பரும் ஒண்ணா இருக்கணும், லேப் என்.ஏ.பி.எல் (லேபுகளுக்குத் தரச்சான்று தர்ற அமைப்பு) அங்கீகாரம் வாங்குனதா இருக்கணும். ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்த ஒரே ரிப்போர்ட்ட எல்லா டப்பாவுக்கும் காட்டுனா அது ஒண்ணுக்கும் ஆகாது. இன்ஃபார்ம்டு சாய்ஸ், இன்ஃபார்ம்டு ஸ்போர்ட், என்.எஸ்.எஃப் மாதிரி வெளி அமைப்பு சோதிச்சுத் தர்ற முத்திரை இருந்தா இன்னும் நல்லது, ஆனா அதையும் அந்தந்த அமைப்போட சைட்டுல போய்ப் பேர் இருக்கான்னு தேடிப் பாருங்க, முத்திரைப் படத்த யார் வேணா அச்சடிச்சுக்கலாம்.

காவிரிக்கரை:
எனக்கு ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. இவ்வளவு கஷ்டப்பட்டு சோதிச்சு வாங்குறதுக்கு சாப்பாட்டுலயே எடுத்துக்கலாம்ல? ஒரு முட்டைல 6 கிராம் புரோட்டீன், 7 ரூபான்னு வச்சாலும் கிராமுக்கு ஒரு ரூபா சொச்சம்தான். எங்க வீட்டுல முட்டை கிடையாது, ஆனா பொட்டுக்கடலை 100 கிராம்ல 20 கிராமுக்குக் குறையாம புரோட்டீன் இருக்கு, சோயா உருண்டைல 100 கிராமுக்கு 50 கிராம் வரும். மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐ.சி.எம்.ஆரும் அதோட ஹைதராபாத் சத்துணவு நிறுவனம் என்.ஐ.என்னும் 2024 மே மாசம் விட்ட உணவு வழிகாட்டுதல்லயே உடம்பு ஏத்துறதுக்குப் புரோட்டீன் பொடி வேண்டாம்னுதான் சொல்லிருக்காங்க.

இரும்புக்கை_கோவை:
அக்கா நீங்க சொல்றது பெரும்பாலானவங்களுக்குப் பொருந்தும், நான் மறுக்கல. சாதாரண ஆளுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் போதும்னு ஐ.சி.எம்.ஆரே சொல்லுது, 60 கிலோ ஆளுக்கு 50 கிராம், அத பருப்பு தயிர் முட்டைல எடுத்துடலாம். ஆனா வெயிட் தூக்குற ஆளுக்கு அதுல ரெண்டு மடங்கு வரை தேவைப்படும், சோறு இட்லி தோசை முக்கியமா சாப்பிடுற வீட்டுல 110, 120 கிராம் புரோட்டீன் எடுக்கணும்னா கலோரி எங்கயோ போயிடும். பொட்டுக்கடலைல 20 கிராம் புரோட்டீன் எடுக்கப் போனா கூடவே அம்பது கிராமுக்கு மேல மாவுச்சத்து வருது. நான் சொல்றது முதல்ல சாப்பாட்டுல எவ்வளவு வருதுன்னு ஒரு வாரம் எழுதிப் பாருங்க, விழுற துண்டுக்கு மட்டும் ஒரு ஸ்கூப். மூணு ஸ்கூப் போடுறவன் காசத்தான் கரைக்கிறான்.

உறையூர்_பார்மசிஸ்ட்:
தம்பி, உங்க அப்பா அம்மா விஷயத்துக்கு வர்றேன், இதுதான் எனக்கு முக்கியமாப் படுது. மருந்து வேற, சப்ளிமெண்ட் வேற. ரெண்டும் ஒரே மாதிரி டப்பாவுல, ஒரே ஆப்புல வர்றதால ஜனங்க குழம்பிப் போறாங்க.

மருந்துன்னா மருந்து சட்டத்துக்குக் கீழ வரும், தயாரிப்பு லைசென்ஸ் நம்பர் அட்டைல இருக்கும். சப்ளிமெண்ட் உணவுச் சட்டத்துக்குக் கீழ வரும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயோட முத்திரையும் 14 இலக்க லைசென்ஸ் நம்பரும் இருக்கும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு ஒரு வரியும் கட்டாயம் போட்டிருக்கணும். டாக்டர் பி12 குறைபாட்டுக்கு எழுதுனத மருந்தா வாங்குங்க, அழகான பாட்டில்ல ஜெல்லி மாதிரி வர்ற வைட்டமின் மிட்டாயா வாங்காதீங்க. அந்த மிட்டாய்ல பெரும்பாலும் சர்க்கரை இருக்கும், உங்க அப்பாவுக்கு சுகர் வேற.

இப்ப விலை விஷயத்துக்கு வர்றேன். டாக்டர் சீட்டுல மருந்தோட மூலப் பேர் எழுதச் சொல்லுங்க, பி12க்கு மெத்தில்கோபாலமின், வைட்டமின் டிக்கு கொலிகால்சிஃபெரால்னு. அத எடுத்துக்கிட்டு மக்கள் மருந்தகத்துக்கோ, 2025 பிப்ரவரில நம்ம மாநிலத்துல ஆரம்பிச்ச முதல்வர் மருந்தகத்துக்கோ போய்க் கேளுங்க. ஆன்லைன்ல அவ்வளவு தள்ளுபடி போட்ட பிராண்டு மாத்திரைய விடவும் அங்க விலை கம்மியா இருக்கும். ஸ்டாக் இல்லாம இருக்கலாம், ரெண்டு கடை ஏறி இறங்க வேண்டி வரும், ஆனா வருஷக்கணக்கா சாப்பிடப் போற மாத்திரைக்கு அந்த அலைச்சல் தகும்.

வைட்டமின் டி 60,000 ஐ.யு கேப்சூல் பத்தி ஒண்ணு கட்டாயம் சொல்லணும். அது வாரத்துக்கு ஒண்ணு, டாக்டர் சொன்ன வாரம் வரைக்கும்தான். தினமும் போட்டுட்டு வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகக் கோளாறுன்னு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க இருக்காங்க, ரத்தத்துல கால்சியம் ஏறிடும். ஆன்லைன்ல மொத்தமா வாங்குனா விலை குறையுதுன்னு பெரிய பாக்கெட்டா வாங்கி வச்சு வீட்டுல எல்லாரும் போடுறத தயவுசெஞ்சு செய்யாதீங்க.

நரம்புக்குன்னு பி காம்ப்ளெக்ஸ் தேடும்போது பி6 அளவயும் பாருங்க. அதிக டோஸ்ல ரொம்ப நாள் எடுத்தா அதுவே கை கால் எரிச்சல், மரமரப்பு கொண்டு வரும். சுகர்காரங்க அத சுகராலன்னு நெனச்சு இன்னும் ரெண்டு மாத்திரை கூடப் போடுவாங்க.

கால்சியத்துல முன்னாடி பெருசா 1250 மி.கின்னு இருக்கும், அது கால்சியம் கார்பனேட்டோட எடை, அதுல சுத்தமான கால்சியம் 500தான். சிட்ரேட்டுல 21% தான் கால்சியம். எலிமெண்டல்னு எழுதியிருக்குற நம்பர வச்சு விலைய ஒப்பிடுங்க. மெக்னீசியம் கிளைசினேட் 500 மி.கின்னு விக்கிறதும் இதே கதைதான், உள்ள மெக்னீசியம் 70 மி.கி சொச்சம்தான் இருக்கும்.

சேலத்து_மாம்பழம்:
சார் ரொம்ப நன்றி, அப்பாவுக்கு எழுதுன சீட்டைப் பாத்தேன், மூலப் பேர்தான் எழுதிருக்காங்க. மீன் எண்ணெய்க்கும் இதே மாதிரி கணக்கு உண்டா? எல்லாத்துலயும் 1000 மி.கின்னுதான் போட்டிருக்கு, விலை மட்டும் 400லருந்து 1500 வரைக்கும் போகுது.

சோதனைக்குழாய்:
அந்த 1000 எண்ணெயோட எடை. நமக்கு வேண்டியது அதுக்குள்ள இருக்குற ஈ.பி.ஏ, டி.ஹெச்.ஏங்கிற ஒமேகா3 கொழுப்பு ரெண்டும். சாதா கேப்சூல்ல 180ம் 120ம், ஆக 300 மி.கிதான். இப்ப பாருங்க, 60 கேப்சூல் 450 ரூபா, ஒண்ணுல 300 மி.கின்னா 1000 மி.கி சத்துக்கு 25 ரூபா ஆகுது. இன்னொரு டப்பா 60 கேப்சூல் 900 ரூபா, ஒண்ணுல 720 மி.கின்னா 1000 மி.கிக்கு 21 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். விலை ரெண்டு மடங்காத் தெரியுற டப்பாதான் மலிவு, முழுங்குற கேப்சூலும் பாதிக்குப் பாதி குறையுது.

வந்ததும் ஒரு கேப்சூல ஊசியால குத்தி மோந்து பாருங்க. லேசா மீன் வாடை வரலாம், சிக்கெடுத்த எண்ணெய் நாத்தம் வந்தா திருப்பி அனுப்பிடுங்க. எலுமிச்ச வாசனை சேர்த்திருந்தா இது தெரியாமப் போயிடும், அதனால நான் வாசனை சேர்க்காததத்தான் எடுப்பேன். மீன் சாப்பிடுற வீடுன்னா வாரம் ரெண்டு நாள் மத்தி வாங்கிக் குழம்பு வச்சாலே போதும், அதுல இல்லாத ஒமேகா3 இல்ல. சைவக்காரங்களுக்குப் பாசி எண்ணெய் கேப்சூல் கிடைக்குது, விலை கொஞ்சம் தூக்கல்தான்.

நைட்ஷிஃப்ட்_அம்பத்தூர்:
நான் ஆன்லைன் சரக்கு குடோன்ல ரிட்டர்ன் செக்‌ஷன்ல இருந்தவன். நிறைய பேர் பிராண்டைப் பாக்குறாங்க, யார் விக்குறாங்கன்னு பாக்குறதே இல்ல. ஒரே பொருள் பக்கத்துல பத்து செல்லர் இருப்பான், எவன் விலை கம்மியோ அவன் பேர் மேல வரும், நேத்து நீங்க வாங்குனது கம்பெனியோட கடை, இன்னைக்கு அதே பக்கத்துல அமுக்குனா எவனோ ஒருத்தன். அதனால காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் செல்லர் பேரைப் பாருங்க. கம்பெனியோட சொந்த சைட்டுல அனுமதி குடுத்த செல்லர் யார் யார்னு லிஸ்ட் போட்டிருப்பாங்க, அதுல இருந்தா மட்டும் வாங்குங்க. நிறைய நேரம் கம்பெனி சைட்டுலயே முதல் ஆர்டர் கூப்பன் போட்டா மார்க்கெட் விலைக்கே வந்துடும்.

டப்பா கைக்கு வந்ததும் பிரிக்கிறதுக்கு முன்னாடியே வீடியோ ஓட விடுங்க, கட் பண்ணாம. மூடிக்கு உள்ள அலுமினிய சீல் ஓரம் கிளம்பாம இருக்கணும். வெளிநாட்டு சரக்குன்னா இறக்குமதி பண்ணவன் பேர், அட்ரஸ், அவனோட எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ நம்பர், எம்.ஆர்.பி எல்லாம் ஸ்டிக்கரா ஒட்டியிருக்கணும், அது இல்லன்னா அந்த டப்பா முறையா உள்ள வரலைன்னு அர்த்தம். அந்த 14 இலக்க நம்பர எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயோட ஃபாஸ்காஸ் சைட்டுல அடிச்சா யார் பேர்ல இருக்கு, உயிரோட இருக்கான்னு காட்டிடும்.

சுரண்டிப் பாக்குற கோடு இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க. டூப்ளிகேட்காரன் கோடும் அச்சடிக்கிறான், அத ஸ்கேன் பண்ணா அவனே வச்சிருக்குற சைட்டுக்குப் போய் ஒரிஜினல்னு பச்சைக் கலர்ல காட்டும். கம்பெனி சைட் அட்ரஸ நீங்களே டைப் பண்ணிப் போய் அங்க கோடு போடுங்க.

எக்ஸ்பைரியும் பாருங்க. ஆன்லைன்ல விக்குற உணவுப் பொருள் கைக்கு வரும்போது ஆயுசுல 30% இல்லாட்டி 45 நாளாவது பாக்கி இருக்கணும்னு 2024 கடைசில எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ அந்தக் கம்பெனிகளுக்குச் சொல்லிருக்கு. பாதி விலைல வர்ற சரக்கு பல நேரம் எக்ஸ்பைரி கிட்ட வந்த சரக்குதான், தினமும் சாப்பிட்டு ஒரு மாசத்துல முடிக்கிறதுன்னா அது லாபம், மூணு டப்பா வாங்கி வச்சா நஷ்டம்.

இன்னொண்ணு, காலி டப்பாவ அப்படியே பழைய பேப்பர்காரர்ட்ட போடாதீங்க. லேபிளக் கிழிச்சு, மூடில ஓட்ட போட்டுட்டுக் குடுங்க. ஒரிஜினல் டப்பாவுலயே ஏதோ பொடிய நிரப்பித் திரும்ப விக்குறவன் இருக்கான்.

ஆரோக்கியமே_செல்வம்:
நண்பர்களே இவ்வளவு குழப்பமே வேண்டாம். நாங்க நேரடி விற்பனைல தர்ற மூலிகை சப்ளிமெண்ட் 100% இயற்கை, பக்க விளைவே கிடையாது, சுகர் தைராய்டு மூட்டு வலி எல்லாத்துக்கும் ஒரே கிட். மெம்பர் ஆனா விலையும் குறையும், வருமானமும் வரும். தனி மெசேஜ் போடுங்க.

உறையூர்_பார்மசிஸ்ட்:
மேல எழுதுன நண்பருக்கு, பக்க விளைவே இல்லன்னும், நோயைக் குணப்படுத்தும்னும் சொல்லி உணவு சப்ளிமெண்ட்ட விக்குறது சட்டத்துக்கே விரோதம். சுகர் மாத்திரைய நிறுத்திட்டு இந்த மாதிரி மூலிகை கிட்டை நம்பிக் காலையே இழந்தவங்கள எங்க கடைக்கு எதுத்தாப்புல பாத்திருக்கேன், அதனால கொஞ்சம் கடுமையாவே சொல்றேன். அஸ்வகந்தா நம்ம நாட்டு மூலிகைதான், ஆனா அத மாத்திரையா எடுத்து கல்லீரல் கெட்டவங்க இருக்காங்க, டென்மார்க் 2023ல அத தடையே பண்ணிட்டாங்க. நம்ம ஆயுஷ் அமைச்சகமும் 2021ல வேரத்தான் பயன்படுத்தணும், இலையப் போடாதீங்கன்னு தயாரிக்கிறவங்களுக்கு அறிவுறுத்துச்சு, மலிவுக்காக இலைய அரைச்சுப் போட்டுக்கிட்டு இருந்ததால வந்த அறிவிப்பு அது. தைராய்டு மாத்திரை எடுக்குறவங்க டாக்டரக் கேக்காம அஸ்வகந்தா பக்கம் போகவே கூடாது, அது தைராய்டு ஹார்மோன ஏத்தி விடும். ஆள் சேத்தா கமிஷன்னு நடத்துற பிரமிடு திட்டத்துக்கும் 2021 நேரடி விற்பனை விதில தடை இருக்கு.

மிசிசாகா_மழை:
வணக்கம், நான் கனடாவில இருக்கிறன். யாழ்ப்பாணத்திலயும் சென்னையிலயும் இருக்கிற சொந்தக்காரர் எல்லாரும் வரேக்க மீன் எண்ணெய், விற்றமின் கொண்டு வா எண்டு கேக்கிறவை. இஞ்ச ஒவ்வொரு போத்தலிலயும் என்.பி.என் எண்டு 8 இலக்க நம்பர் இருக்கோணும், ஹெல்த் கனடா அத முதலே பாத்து அனுமதி குடுத்தாத்தான் விக்கலாம், அந்த நம்பர அவையின்ர தளத்தில போட்டுப் பாக்கலாம். அமெரிக்காவில அப்பிடி இல்லை, 1994 சட்டத்தின்படி விக்கிறதுக்கு முன்னம் எஃப்.டி.ஏ எண்ட அரசாங்க உணவு மருந்து அமைப்பின்ர அனுமதி தேவையில்லை. அதால அமெரிக்கப் போத்தல் எண்டா தரம் சோதிச்சதுக்கான யு.எஸ்.பி முத்திரை இருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ. வெளிநாட்டுப் போத்தல் எண்டோன்ன கண்ண மூடிக்கொண்டு நம்பத் தேவையில்லை.

காவிரிக்கரை:
என் பொண்ணு முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஆன்லைன்ல 10,000 மைக்ரோகிராம்னு வாங்கிருக்கா. ஆஃபர்ல மூணு பாட்டில். இது எடுக்கலாமா சார்?

உறையூர்_பார்மசிஸ்ட்:
அம்மா, பயோட்டின் குறைபாடு நம்ம சாப்பாட்டுல ரொம்ப அபூர்வம். முடி கொட்டுற பொண்ணுங்களுக்கு முதல்ல பாக்க வேண்டியது ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல சேமிப்பா இருக்குற இரும்புச்சத்து), தைராய்டு. இங்கதான் ஒரு சிக்கல், அவ்வளவு பயோட்டின் எடுத்துக்கிட்டு தைராய்டு டெஸ்ட் எடுத்தா ரிசல்ட் தப்பா வரும், மாரடைப்புக்குப் பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட்டும் தப்பாகலாம்னு அமெரிக்க எஃப்.டி.ஏவே எச்சரிச்சிருக்கு. டெஸ்ட்டுக்கு முன்னாடி எத்தன நாள் நிறுத்தணும்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு எடுங்க, லேப்லயும் மறக்காமச் சொல்லுங்க.

சேலத்து_மாம்பழம்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவோட பி12, டி ரெண்டும் மக்கள் மருந்தகத்துல வாங்கப் போறேன். புரோட்டீனுக்கு பேட்ச் ரிப்போர்ட் போடுற ரெண்டு கம்பெனி கெடைச்சிருக்கு, ஒண்ணு கிராமுக்கு 2 ரூபா 90 காசு, இன்னொண்ணு 3 ரூபா 10 காசு, ரெண்டுலயும் லூசின் 2.5க்கு மேல. மீன் எண்ணெய வேண்டாம்னு விட்டுட்டேன், வீட்டுல மத்தி வாங்கிக்கிறோம்னு அம்மா சொல்லிட்டாங்க. கடைசியா ரெண்டு கேள்வி. அம்மா தைராய்டு மாத்திரையும் கால்சியமும் காலைலயே ஒண்ணா போடுறாங்க, பரவால்லயா? டூப்ளிகேட் வந்து செல்லர் காசு திருப்பித் தரமாட்டேன்னா யார்ட்ட போறது?

நைட்ஷிஃப்ட்_அம்பத்தூர்:
ரெண்டாவது கேள்விக்கு நான் சொல்றேன். முதல்ல ஆப்புலயே புகார், வீடியோவோட. அப்புறம் 1915க்குப் போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழ்லயே பேசலாம். ஆர்டர் நம்பர், செல்லர் பேர், பில் கைல வச்சுக்கோங்க. பொருள் மேலயே சந்தேகம்னா எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐயோட ஃபுட் சேஃப்டி கனெக்ட்ல பேட்ச் நம்பரோட போடுங்க, டப்பாவத் தூக்கிப் போட்டுடாதீங்க.

உறையூர்_பார்மசிஸ்ட்:
ஒண்ணா போடக் கூடாது தம்பி. தைராய்டு மாத்திரை காலைல வெறும் வயித்துல தண்ணியோட, கால்சியம் அதுக்கு நாலு மணி நேரமாவது கழிச்சு. கார்பனேட்டா இருந்தா மத்தியானம் சாப்பாட்டோட குடுங்க, அப்பதான் நல்லா சேரும். இரும்புச்சத்து மாத்திரை எழுதிருந்தா அதையும் தைராய்டு மாத்திரைகிட்ட கொண்டு வராதீங்க, கால்சியத்தோடயும் காபி டீயோடயும் சேக்காதீங்க. இப்ப வரைக்கும் ஒண்ணா போட்டுட்டு இருந்ததால தைராய்டுக்கு ரத்தத்துல பாக்குற டி.எஸ்.எச் அளவு அதுக்கேத்த மாதிரி இருக்கும், நேரத்த மாத்துறோம்னு டாக்டர்ட்ட சொல்லி, ஒரு ஆறு எட்டு வாரம் கழிச்சு டி.எஸ்.எச் ஒருதடவை திரும்பப் பாத்துடுங்க, டோஸ் குறைக்க வேண்டி வரலாம்.